கடைசிப் பாய்

மே 5, திங்கள்

இந்த ஷெட்டில் இருக்கிற ஒருத்தரையும் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் நாளே எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் மாற்றிப் பேசக் கூடாது.

அம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மூன்றாவது மாடி, பெண்கள் வார்டு. கூட வந்தவர்களைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வாட்ச்மேன் கோழியைப் பத்துவது போல் வெளியே பத்திவிடுவார். பத்தப்பட்ட கோழிகள் வந்து அடையும் இடம்தான் இந்தத் தகர ஷெட். வாசலில் ‘நோயாளிகளின் உறவினர் தங்குமிடம்’ என்று போர்டு. மே மாதத்துத் தகரம். உள்ளே இருப்பவர்களுக்கும் இட்லிக்கும் உள்ள வித்தியாசம், இட்லியைக் கால் மணி நேரத்தில் இறக்கிவிடுவார்கள்.

மொத்த ஷெட்டுக்கும் ஒரே ஒரு ஃபேன்.

பாயை அதன் பக்கத்தில் விரிக்கப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். ஆக்னஸ் டீச்சராம். ரிட்டயர் ஆகிவிட்டாராம், ஆனால் குரலுக்கு இன்னும் பென்ஷன் வரவில்லை.

“என்ன கேஸு?”

“மஞ்சக்காமாலை. எங்கம்மாக்கு.”

“நடக்காங்களா?”

“நடக்காங்க.”

“கஞ்சி குடிக்காங்களா?”

“குடிக்காங்க. உப்பு பத்தலன்னு கொறையும் சொல்லுதாங்க.”

“அப்ப அங்க போ.”

‘அங்க’ என்றால் பாத்ரூம் வாசல். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் மணத்துக்கும் தடை கிடையாது. ஃபேனுக்கு நேர் கீழே ஒரு பொம்பளை, காலை நீட்டி, வெற்றிலை மென்றுகொண்டு, மகாராணி மாதிரி என்னைப் பார்த்தாள். பெயர் வேலுத்தாய். பார்த்ததும் பிடிக்காமல் போவதற்கு ஒரு முகம் வேண்டுமல்லவா, அதை ஆண்டவன் அவளுக்குச் செய்து கொடுத்திருக்கிறான்.

மே 6

ஷெட்டின் சட்டம் புரிந்துவிட்டது. யார் வீட்டு நோயாளி ரொம்ப மோசமோ, அவர்களுக்கு ஃபேன். மெஷினில் மூச்சு விடுகிறவரின் வீட்டாள் நேர் கீழே; வேலுத்தாயின் புருஷன் மெஷினில். ஐ.சி.யூ. காரர்கள் அதைச் சுற்றி. அப்புறம் ஆபரேஷன். அப்புறம் கை கால் முறிந்தவர்கள். நடந்து, கஞ்சி குடித்து, குறையும் சொல்கிறவர்களின் வீட்டாள் கடைசிப் பாய்.

நோயாளிக்குத் தேவலையாகிவிட்டால் பாய் பின்னால் போக வேண்டும். அதனால் இங்கே யாரும் நல்ல செய்தியைச் சத்தமாகச் சொல்வதில்லை. கோவில்பட்டி அக்காவின் மாமியார் நேற்று எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். அக்கா அதை ஏதோ திருட்டுப் பொருளை மடியில் கட்டிக்கொண்டு வந்தவள் மாதிரி என் காதில் மட்டும் சொன்னாள்.

இரவு சாப்பாட்டுக்கு முன் குவைத்திலிருந்து அப்பா கூப்பிட்டார். ஷெட் கதையைச் சொன்னேன்.

“நம்ம பாய் எங்க கெடக்கு?” என்றார்.

“பாத்ரூம் வாசல்லப்பா. கடைசி.”

“அப்ப நாமதான் ராஜா” என்று சிரித்தார். “அங்கனயே கெட பாப்பா. முன்னால போயிராத.”

மே 8

அம்மாவுக்கு உடம்பெல்லாம் அரிக்கிறது. சீப்பை வைத்து முதுகு சொறிந்துவிட்டேன். கண்ணும் நகமும் நல்ல மஞ்சள். “கோயில்ல ஒன்ன உக்கார வச்சா மஞ்சக்காப்புச் செலவு மிச்சம்மா” என்றேன். “தட்டுல காசு விழுந்தா பாதி எனக்குட்டி” என்றாள். வெந்நீர் வாங்கப் போனால் கேன்டீன்காரன் சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுத்தான். இதுவரை ஏழு மிட்டாய். நாளைக்கு மிட்டாயைக் கொடுத்து வெந்நீர் கேட்கப்போகிறேன்.

மே 9

மிட்டாயை வாங்க மாட்டேன் என்கிறான். அயோக்கியன்.

மே 10, சனி

இன்று ஷெட்டில் வரலாறு படைத்தேன்.

எல்லாரும் ‘எனக்குத்தான் கஷ்டம், எனக்குத்தான் கஷ்டம்’ என்று விடிந்ததிலிருந்து அடைகிறவரை அடித்துக்கொள்கிறார்களே, ஒரு முறை வேண்டாமா? செங்கல் துண்டை எடுத்துச் சுவரில் பாயின்ட்ஸ் டேபிள் போட்டுவிட்டேன். கிரிக்கெட்டில் போடுவார்களே, அதே மாதிரி. மெஷினுக்குப் பத்து. ஐ.சி.யூ.வுக்கு எட்டு. ஆபரேஷனுக்கு ஆறு. எலும்புக்கு மூன்று. மருமகள் பார்க்க வரவில்லை என்றால் போனஸ் ஒன்று. புருஷன் குடித்துவிட்டு வந்து பார்த்தால் போனஸ் இரண்டு. சமமாக வந்தால் யார் அழுகை அதிகம் என்று ரன் ரேட். முதல் இடம்: வேலுத்தாய். கடைசி இடம், முட்டை மார்க்: ரூபிகா, அதாவது அடியேன்.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சண்டைக்கு வந்தார்கள். ஏன் போட்டாய் என்று அல்ல, ஏன் குறைத்துப் போட்டாய் என்று!

“ஏம்மா, எங்க அத்தைக்குச் சுகரும் இருக்கு. அதுக்கு மார்க்கு கெடையாதா?” என்று கோவில்பட்டி அக்கா.

“எங்கக்கா பிள்ள இல்லாதவ. அதக் கணக்குல எடுக்கணும்” என்று ஆக்னஸ் டீச்சர். டீச்சரே!

சுகருக்கு அரை மார்க் சேர்த்தேன். பக்கத்துப் பாய் உடனே பிரஷரைக் கொண்டு வந்தது. ஏலம் ஏறிக்கொண்டே போனபோது தலையில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது. பாதி சுவருக்கு, பாதி எனக்கு. வேலுத்தாய் வாளியும் விளக்குமாறுமாக நின்றாள்.

“ஏட்டி, சாவுலயா வெளாடுத?”

“ஒங்களுக்குத்தான ஃபர்ஸ்ட் பிளேஸ் போட்டிருக்கு! இன்னும் என்ன வேணும், கப்பா?”

ஈர விளக்குமாறு முதுகில் விழுந்தது. வலிக்கவில்லை. ஆனால் எல்லாரும் பார்த்தார்கள். இதை நான் மறக்க மாட்டேன் வேலுத்தாய்.

மே 12

சிஸ்டர் வார்டு வாசலில் என்னை மறித்தார்.

“பெரியவங்க யாரும் வரலையாம்மா? டாக்டர் பேசணுங்காரு.”

“நான்தான் சிஸ்டர் பெரியவ. அஞ்சடி நாலங்குலம்.”

சிஸ்டர் சிரிக்கவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் சிரிப்புக்கு மருந்து ஸ்டாக் இல்லை போல. “அப்பாக்குச் சொல்லு” என்றார். அவர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார், பாதியில் வந்தால் அந்த அரபி திரும்பச் சேர்க்க மாட்டான், மஞ்சக்காமாலைக்கெல்லாம் யாராவது விமானம் ஏறுவார்களா என்று விளக்கினேன். சிஸ்டர் என் தோளில் கையை வைத்தார். எனக்குத் தோளில் கை வைத்தால் பிடிக்காது. தட்டிவிட்டேன்.

அப்பா கேட்டார்: “பாய் எங்க கெடக்கு?”

“அதே எடந்தான்பா. நாத்தம் பழகிருச்சு.”

இது பொய் இல்லை. பாய் அங்கேதான் கிடக்கிறது. ‘விரிவாக விளக்குக’ என்று கேட்டால் ஒரு விடை, ‘ஒரு வரியில் விடை தருக’ என்று கேட்டால் ஒரு விடை. அப்பா ஒரு வரிதான் கேட்டார்.

மே 13

அம்மா கஞ்சியை அப்படியே வைத்துவிட்டாள். உப்புக் குறை கூடச் சொல்லவில்லை.

மே 14, புதன்

மாட்டினாள் வேலுத்தாய்!

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் நின்று அவள் போனில் பேசினாள். அவளுடைய ஒரே மகன் முருகானந்தம், பட்டாளத்தில் சேர்ந்து ட்ரெய்னிங்கில் இருக்கிறான். எங்கேயோ வடக்கே.

“அய்யா நல்லா இருக்காவ ராசா… கஞ்சி குடிச்சாவ… ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்காவ… லேசான சளிதாம்ல. நீ ஒன் சோலியப் பாரு. லீவு கீவுன்னு கேட்டு வைக்காத.”

கஞ்சி குடிக்கிறாராம்! மெஷினில் மூச்சு விடுகிறவர்! அப்படியானால் இத்தனை நாள் ஃபேனுக்குக் கீழே காலை நீட்டிக் கிடந்தது எந்தக் கணக்கில்?

துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஷெட் நடுவில் நின்று அவள் குரலிலேயே நடித்துக் காட்டினேன். வெற்றிலை மெல்லும் வாயோடு, “லேசான சளிதாம்ல, கஞ்சி குடிச்சாவ” என்று. என் நடிப்பு நன்றாக இருந்தது, அதை நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யார் சொல்வார்கள்.

அவள் வாசலுக்கு வந்தபோது ஒரு நூறு கண் அவள் மேல் இருந்தது.

“ஏ வேலுத்தாய், எங்களயெல்லாம் கேணச்சினு நெனச்சியா?” என்றாள் கோவில்பட்டி அக்கா. “எங்க அத்த எந்திச்சு உக்காந்ததும் நான் யோக்கியமா பாய நகத்தல?” (நகர்த்தவில்லை. அது வேறு விஷயம்.)

வேலுத்தாய் இப்போது பேசுவாள், கத்துவாள், விளக்குமாற்றை எடுப்பாள் என்று தயாராக நின்றேன். அவளோ ஆக்னஸ் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலுத்தாய் குனிந்து பாயைச் சுருட்டினாள். எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து என் பாய்க்குப் பக்கத்தில் விரித்தாள்.

வெற்றி. ஆனால் இப்போது பாத்ரூம் மணத்தோடு வெற்றிலை மணமும்.

மே 15

இரவெல்லாம் அவள் தூங்கவில்லை. புரண்டுகொண்டே இருந்தாள். எனக்கு இடைஞ்சல்.

மே 16

வேலுத்தாயின் புருஷன் காலையில் செத்துப்போனார்.

மே 17, சனி

நேற்று அந்த ஒரு வரிக்கு மேல் எழுத வரவில்லை. அவர் நன்றாக இருக்கிறார் என்று அவள்தானே சொன்னாள். என் காதால் கேட்டேன். கேட்டதைச் சொன்னேன். என்னை ஏன் எல்லாரும் பார்க்கிறார்கள்? ஃபேனைப் பிடுங்கியது நானா? கோவில்பட்டி அக்கா, நேற்று முன்தினம் அந்த ஃபேனுக்குக் கீழே குறட்டை விட்டவள், இன்று எனக்குக் கேட்கும்படி, “சின்னப் பிள்ளைக்கு என்னா வெசம்” என்கிறாள்.

உடலைப் பிணவறையில் வைத்திருக்கிறார்கள். மகன் வந்துதான் ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமாம். வேலுத்தாய் என் பக்கத்துப் பாயிலேயே உட்கார்ந்திருக்கிறாள். சுவரைப் பார்த்து.

அப்பா கூப்பிட்டார். பாய் அதே இடம் என்றேன்.

மே 18, ஞாயிறு

முருகானந்தம் வந்தான். மொட்டையடித்த மாதிரி வெட்டிய முடி, தோளில் பெரிய பை. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருப்பான். பிணவறையிலிருந்து திரும்பி வந்து, ஷெட் வாசலிலேயே அம்மாவைப் பார்த்துக் கத்தினான்.

“சளின்னு சொன்னியேம்மா! கஞ்சி குடிச்சாருன்னு சொன்னியே! ட்ரெய்னிங் போனாப் போவுது, மறுவருசம் சேந்துக்கிடுவேன். எங்கய்யா மறுவருசம் வருவாரா?”

வேலுத்தாய் வாளி, பாய், தட்டு எல்லாவற்றையும் ஒரு சேலையில் மூட்டை கட்டினாள். போகிற போக்கில் என் முன்னால் நின்றாள். மன்னித்தேன் என்று சொல்லப்போகிறாளோ என்று பயமாக இருந்தது. அதெல்லாம் இல்லை.

“ஏ வாயாடி. நீயும் போன்ல அதத்தான சொல்லுத? எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா? எம்பிள்ள அவுக அய்யா மூஞ்சிய ஐஸுப் பொட்டிலதான் பாத்தான். ஒங்கப்பனுக்குச் சொல்லு. சொல்லாட்டிச் செத்துப் போ.”

போய்விட்டாள். இப்படி ஒரு வாய். எங்கள் அம்மாவுக்கு மஞ்சக்காமாலை. மஞ்சக்காமாலைக்கு யாரும் பெட்டிக்குள் போவதில்லை.

பிசாசு.

மே 19

ஆபரேஷனாம். கணையமோ என்னவோ, அதில் ஒரு அடைப்பு. அம்மாவே கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு ஆக்னஸ் டீச்சர். “என் கையெழுத்து எப்பிடி இருக்கு பாத்தியா, முத்து முத்தா?” என்றாள் அம்மா. கை நடுங்கியதில் தமயந்தி ‘தமயநதி’ ஆகியிருந்தது. நான் சொல்லவில்லை.

மே 21, புதன்

ஆபரேஷன் முடிந்தது!

ஆறு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். நான் ஒரு டீ குடித்து, ஒரு மிட்டாய் தின்று, திரும்பி வருவதற்குள் அம்மாவை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம்கூட இருக்காது. எவ்வளவு சின்ன விஷயத்துக்கு எவ்வளவு பில்டப்!

டாக்டர் என்னென்னவோ சொன்னார். உள்ளே பரவியிருக்கிறது, எடுக்கிற மாதிரி இல்லை, அதனால் ஒன்றும் செய்யாமல் தைத்துவிட்டோம் என்றார். ஒன்றும் செய்யவில்லை என்றால் நல்லதுதானே. அம்மாவுக்கு வலி குறைச்சல்.

ஷெட்டுக்கு ஓடி வந்து, “எங்கம்மாக்கு ஆபரேஷன் சீக்கிரமே முடிஞ்சிருச்சு! தொறந்து பாத்துட்டு உடனே மூடிட்டாங்க!” என்று சத்தமாகச் சொன்னேன். இங்கே ஒருவர் நல்ல செய்தியைச் சத்தமாகச் சொல்வது இதுதான் முதல் தடவை.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள். எதற்கெடுத்தாலும் மார்க் கேட்கிற கோவில்பட்டி அக்கா தரையைப் பார்த்தாள்.

பொறாமை.

மே 22

காலையில் அம்மாவுக்கு வாய் துடைத்துவிட்டு வந்தால் என் பாயைக் காணோம். ஃபேனுக்கு நேர் கீழே விரித்துக் கிடந்தது. பக்கத்தில் என் வாளி, என் பை, ஒழுங்காக.

“யாரு எடுத்தது?”

பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பாத்ரூம் வாசலில் போட்டேன். மதியம் வந்து பார்த்தால் மறுபடியும் ஃபேனுக்குக் கீழே. மறுபடி எடுத்தேன். சாயங்காலம் மறுபடி.

“எங்கம்மாக்கு ஒன்னுமில்ல! நாளைக்கு நடப்பா! கஞ்சி குடிப்பா! உப்பில்லன்னு திட்டுவா! ஒங்க காத்து எனக்கு வேண்டாம்!”

ஆக்னஸ் டீச்சர் கிட்டே வந்தார். தோளில் கை வைத்தால் கடித்துவிடுவது என்று இருந்தேன். அவர் வைக்கவில்லை. பாயின் ஒரு முனை மடங்கியிருந்தது. அதைக் குனிந்து நீவிவிட்டுப் போனார். அவ்வளவுதான். திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பேன்.

அப்பாவிடமிருந்து நான்கு தடவை போன். எடுக்கவில்லை.

மே 23, வெள்ளி

ஃபேனுக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். ஒன்று கண்டுபிடித்தேன். நேர் கீழே காற்றே வராது. சுற்றி இருக்கிறவர்களுக்குத்தான் வரும். நடுவில் இருப்பவளுக்குக் கிடைப்பது கடக் கடக் என்ற சத்தம் மட்டும்தான். அந்தப் பிசாசு இத்தனை நாள் இதில்தான் கிடந்தாள். ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அப்பாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“என்ன பாப்பா, ஆளே காணும்? அம்மா எப்டி இருக்கா?”

‘ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான். ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கம் லாரி இரைந்துகொண்டிருந்தது. அப்புறம் அது நின்றது.

“பாப்பா. பாய் எங்க கெடக்கு?”

“ஃபேனுக்கு நேர் கீழப்பா.”

கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஆகவில்லை.

“யாரு அங்கன போட்டா?”

“அவங்களே போட்டுட்டாங்கப்பா.”

“நீ எடுத்து… எடுத்துப் பழைய எடத்துல போட்டுரு தாயி.”

“போட்டுப் பாத்துட்டேன்பா. திரும்பத் திரும்பக் கொண்டாந்து போடுதாங்க.”

அப்பா அழுவதை நான் இதற்கு முன் கேட்டதில்லை. அது சிரிப்பது மாதிரியே இருக்கிறது. முதலில் நான் ஏமாந்துவிட்டேன்.

“நான் கெளம்புதேன்” என்றார். அரபியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 25, ஞாயிறு

நாளைக் காலை அப்பா திருவனந்தபுரத்தில் இறங்குகிறார். அம்மாவிடம் சொன்னேன். “இந்த நாத்தம் புடிச்ச சட்டையோடயா இருப்பேன்? தலைய வாருட்டி” என்றாள். வாரிவிட்டேன். சீப்பில் முடி நிறைய வந்தது. கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது, ஆளை அடையாளம் தெரிகிறது, வாய் இன்னும் வாயாகத்தான் இருக்கிறது. ஒரு நாள். ஒரே ஒரு நாள் அப்படியே இரு அம்மா.

மத்தியானம் ஷெட்டுக்குப் புதிதாக ஒரு அக்கா வந்தாள். கையில் பிளாஸ்டிக் வாளி, கக்கத்தில் பாய், முகமெல்லாம் வேர்வை. என்னைப் போலவே நேராக ஃபேனைப் பார்த்துத்தான் வந்தாள்.

“என்ன கேஸு?” என்று ஆக்னஸ் டீச்சர் ஆரம்பித்தார்.

“எங்க மாமாக்கு. காய்ச்சலு.”

“நடக்காரா?”

“நடக்காரு.”

“கஞ்சி குடிக்காரா?”

“குடிக்காரு. நேத்து ரெண்டு தோசைகூடத் தின்னாரு.”

டீச்சர் கையைக் காட்டும் முன் நான் முந்திக்கொண்டேன். “அங்க போங்கக்கா. பாத்ரூம் வாசல். இந்த ஷெட்டுலயே அதான் நல்ல எடம்.”

அவள் பாத்ரூமைப் பார்த்தாள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

“நக்கலாட்டி பண்ணுத?”

“இல்லக்கா. நெசமாத்தான்.”

“கொழுப்பெடுத்த களுத” என்று சொல்லிக்கொண்டே போய், பாயைப் படாரென்று உதறி விரித்தாள்.